நிச்சயதார்த்த பேனரில் காலிக் கட்டங்கள்

மண்ணூர்பேட்டை,
புதன்கிழமை, இரண்டாவது டீக்குப் பிறகு.

என் மச்சானும், முனியம்மாவுக்கு அண்ணனும், வெற்றிச்செல்வனுக்குத் தாய்மாமனுமாகிய தட்சிணாமூர்த்திக்குத் துலுக்கானம் எழுதிக்கொண்டது. இங்கே என் சர்க்கரையும் பிரஷரும் வீட்டுத் தண்ணீர் மோட்டாரும் ஒருவிதமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அங்கே உன் புது முட்டி எப்படி இருக்கிறது, பழைய முட்டியோடு ஒத்துப்போகிறதா, இல்லை தனிக்குடித்தனம் கேட்கிறதா என்று அறிய ஆவல். உன் வீட்டில் என் தங்கச்சிக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும்.

நாலைந்து ஸ்டேஷன் தள்ளி பட்டாபிராமில் இருக்கிறவனுக்குக் கடிதம் எதற்கு, போனுக்கு என்ன வந்தது என்று கேட்பாய். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, போகப் போகச் சொல்கிறேன். மேலும், நம் போன் பேச்சு போகிற அழகு உனக்கே தெரியும். சாப்பிட்டாயா என்பேன், ஆச்சு என்பாய். அங்கே மழையா என்பாய், இல்லை, மப்பாக இருக்கிறது என்பேன். பிறகு நீ "அப்புறம்?" என்பாய். அந்த "அப்புறம்" வந்துவிட்டால் இரண்டு பேருக்கும் வாயடைத்துப்போகும். நாம் பேசி வளர்ந்தவர்கள் இல்லை மச்சான், சேர்ந்து நின்று வளர்ந்தவர்கள். பாடி கம்பெனியில் ஷிப்ட் முடிந்து சைக்கிள் கடை ஓரமாக நின்றோமே, இருட்டுகிறவரைக்கும் நீ பேசியது நாலு வார்த்தை, நான் பேசியது நாலு வார்த்தை. அதில் பாதி சைக்கிள் கடைக்காரனைத் திட்டியது. ஆனால் வீட்டுக்குப் போகும்போது மனசு நிறைந்திருக்கும். போனில் எப்படி ஒருத்தனோடு நிற்பது? அந்த வித்தை எனக்குத் தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் வெற்றியின் நிச்சயதார்த்தத்துக்கு உன்னால் வர முடியவில்லை. ஆபரேஷன் ஆன காலை வைத்துக்கொண்டு நீ எப்படி வருவாய், எனக்குத் தெரியாதா? ஆனால் மண்டபத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாதே. தாய்மாமன் எங்கே, தாய்மாமன் எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் உன் முட்டிக் கதையைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் ஆபரேஷன் எனக்குத்தான் என்று நினைத்து, நாற்காலி போட்டு, காலை நீட்டிக்கொள்ள இன்னொரு நாற்காலியும் போட்டுவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா இப்படிக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை எத்தனை பேர் பார்த்தார்களோ. உன் சார்பில் சீர்த்தட்டைக் கொண்டுவந்த உன் மகன், ஆபீசில் மீட்டிங் என்று சாப்பிடாமல்கூடப் போய்விட்டான். உன்னிடம் வந்து "நல்லா நடந்துச்சுப்பா" என்று ஒரே வரியில் முடித்திருப்பான். நல்லபடியாகவும் நடந்தது, வேறுபடியாகவும் நடந்தது. அதை முழுக்கக் கேட்க வேண்டிய ஆள் நீதான்.

முதலில் வீட்டு நிலவரம். மகளுக்குப் பிரசவம் பார்க்க ஓசூர் போன முனியம்மா, பிள்ளை பிறந்து, குப்புற விழுந்து, தவழவும் ஆரம்பித்தாகிவிட்டது, இன்னும் வரவில்லை. நிச்சயத்துக்கு வந்தவள் மறுநாள் காலையே பஸ் ஏறிவிட்டாள். ஆக, இந்த மாடி வீட்டில் நானும் வெற்றியும் மட்டும். அவனுக்கு வீட்டிலேயே கம்ப்யூட்டர் வேலை. காலையில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் சாத்தியதுதான். சாப்பாட்டுக்கு வருவான், காதில் அந்தக் கறுப்பு மூடியை மாட்டிக்கொண்டே சாப்பிடுவான், தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மறுபடியும் உள்ளே போய்விடுவான். குணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. என் மாத்திரை தீர்வதற்குள் புது மாத்திரை வந்துவிடும், எப்போது வாங்கினான் என்றே தெரியாது. ஆனால் இருபத்தெட்டு வயதுப் பிள்ளையைத் தேடி ஒரு சிநேகிதன் இந்த வாசலுக்கு வந்ததில்லை மச்சான். சினிமாவுக்குக் கிளம்பி, சண்டை போட்டுச் சட்டை கிழிந்து வந்ததில்லை. வீட்டில் என் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே கிடையாது.

நம் காலத்தில் சிநேகிதன் என்றால் யார்? தெருவில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறவன். மாடி ஏற மாட்டான், மேலே அப்பா இருப்பார். நீ என்னைக் கூப்பிடுகிற சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து அடுத்த தெருவில் போய்ப் படுக்கும். எங்க நைனா, "அந்த தட்சிணாவுக்கு நம்ம ஊட்டு வாசப்படி இன்னா முள்ளா, மேல வந்து கூப்டா இன்னா" என்று திட்டுவார். நீ வராத நாளில் அவரே பொறுக்க முடியாமல், "இன்னாடா, இன்னிக்கி சத்தத்தக் காணோம்" என்று கேட்பார். அதனால் நானும் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெற்றியைத் தெருவில் நின்று கூப்பிடுகிறவர்கள் யார் யார் என்று கவனிக்க ஆரம்பித்தேன். எனக்கு வேறு வேலையும் இல்லை. சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவருகிற ஜஸ்டின், "வெற்றி சார்" என்று கூப்பிடுவான். தண்ணீர் கேன் போடுகிற அழகேசன், "தம்பி வெற்றி" என்பார். இன்டர்நெட் ஒயர் அறுந்தால் வெங்கட் வந்து கூப்பிடுவான். வேறு ஒரு குரல் கிடையாது.

இந்த நேரத்தில்தான் உன் தங்கச்சி ஓசூரிலிருந்து போனில் உத்தரவு போட்டாள், மண்டபத்தில் பேனர் வைக்க வேண்டும் என்று. நான் நம் தெருமுனை பேனர் கடை அஸ்வினிடம் போனேன். அவன் ஒரு மாதிரியைக் காட்டினான். மேலே பிள்ளையும் பெண்ணும், இரண்டு பக்கமும் ரோஜாப்பூ, பூவுக்கு நடுவில் ஒரு சிங்கம். சிங்கம் எதற்கு என்று கேட்டேன், அது எல்லாருக்கும் வரும் என்றான். அதற்குக் கீழே "இவண்: உயிர் நண்பர்கள்" என்று போட்டு, வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். கட்டத்துக்கெல்லாம் போட்டோ கேட்டான். கட்டமே இல்லாமல் அடிக்க முடியாதா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"கட்டத்த எடுத்தா சிங்கம் அந்தரத்துல நிக்கும் அண்ணாத்தே," என்றான். "அதுவும் இல்லாம, பிரெண்டே இல்லாத மாப்பிள்ளையான்னு பொண்ணு ஊட்டுல ஒரு மாதிரி பாப்பாங்க."

சிங்கத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அந்த இரண்டாவது வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு வந்து வெற்றியிடம் கேட்டேன், சிநேகிதர்கள் போட்டோ கொடு என்று. அதெல்லாம் எதற்கு, பேனரே வேண்டாம், பசங்க பார்த்தால் சிரிப்பார்கள் என்றான். எந்தப் பசங்க என்றேன். "இருக்காங்கப்பா" என்றான், கதவு சாத்திக்கொண்டது. கேட்டால் அவன் நொந்துபோவான் என்று மேலே கேட்கவில்லை. யாரும் இல்லாதவன்தானே அப்படி மழுப்புவான்? யாரும் இல்லாத வீட்டில் ஒரு நாள் பொழுது எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும் மச்சான். அது என் வயசுக்கு வரலாம், அவன் வயசுக்கு வரக் கூடாது. நாளைக்குக் கல்யாணத்தன்று அவன் பக்கத்தில் நிற்க ஒருத்தன் வேண்டாமா, மாலை நழுவினால் சரிசெய்ய, மோதிரம் தொலைந்தால் தேட? நாமே ஏற்பாடு செய்துவிடுவது என்று முடிவுபண்ணினேன். பெண் பார்த்தது நாம்தானே, சிநேகிதனையும் நாம் பார்த்தால் என்ன?

ஜஸ்டின் வந்தபோது, உன் போட்டோ ஒன்று கொடு என்றேன். அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"கம்ப்ளெயின்டா நைனா? நேத்து கொழம்பு கொட்டிக்கினுச்சே, அதுக்கா?"

விஷயத்தைச் சொன்னேன். உடனே வண்டிக் கண்ணாடியில் பார்த்துத் தலையை வாரிக்கொண்டு வந்து, தன் போனையே என்னிடம் கொடுத்து, இங்கேயே எடுத்துவிடுங்கள் என்றான். தன் கல்யாணத்துக்கே யாரும் பேனர் வைக்கவில்லையாம், அதையும் சொன்னான். வெங்கட் எதற்கு என்றே கேட்காமல் ஆதார் நகலை நீட்டினான், அதில் அவன் முகம் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருந்தது. அழகேசனுக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் குறைவு, இருந்தாலும் உயிர் நண்பரில் சேர்த்துவிட்டேன். ஏசி மெக்கானிக், பழைய பேப்பர்காரர், காஸ் சிலிண்டர் போடுகிறவர் என்று வாசலுக்கு வந்த யாரையும் விடவில்லை. மின்சார மீட்டர் பார்க்க வருகிற எழிலரசி, அண்ணன் கல்யாணத்தில் பட்டுப்புடவை கட்டி எடுத்த போட்டோவைக் கொடுத்தது. வாங்கி வைத்துக்கொண்டேன். அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அப்படியும் கடைசிக் கட்டம் ஒன்று காலி. அஸ்வின் அதில் இன்னொரு ரோஜாப்பூ வைக்கிறேன் என்றான். உயிர் நண்பர் வரிசையில் ரோஜாப்பூ இருந்தால் நன்றாகவா இருக்கும்? பெட்டியைக் கிளறினேன். நம் பாடி கம்பெனி அடையாள அட்டைக்கு எடுத்த உன் போட்டோ கிடைத்தது. கன்னத்தில் பாதி கிருதா, சட்டைக் காலர் காதைத் தொடுகிறது. தாய்மாமன் என்று உன் பேர் மேலே மரியாதையாகத் தனியாக இருக்கிறது, அது வேறு. இது கட்டத்துக்காகப் போட்டது. கட்டத்துக்காக மட்டும்தானா என்றால், அதில் உன்னைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது.

நிச்சயத்தன்று பேனரை மண்டபத்து கேட்டுக்கு உள்பக்கமாகக் கட்டினோம். வெற்றி நேராக உள்ளே போய்விட்டதால் அதைப் பார்க்கவில்லை. முதலில் பார்த்தது பெண்ணின் சித்தி. வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்த அந்த அம்மா எழிலரசி போட்டோவில் நின்றுவிட்டது. நேரே என்னிடம் வந்து, யார் இந்தப் பெண் என்று கேட்டது. நான் உள்ளதைச் சொன்னேன்.

"நம்ம வெற்றிக்குத் தெரிஞ்ச பொண்ணுதாம்மா. ரெண்டு மாசத்துக்கு ஒருவாட்டி ஊட்டுக்கு வரும். வந்து பாத்துட்டு, சத்தமில்லாம போயிடும்."

நான் சொன்னதில் ஒரு பொய் உண்டா நீயே சொல். ஆனால் சித்தி உள்ளே போனது, ஒரு நிமிஷத்தில் பெண் வீட்டார் மொத்தப் பேரும் வெளியே வந்து பேனருக்கு முன்னால் நின்றார்கள். பெண்ணின் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். முனியம்மா என்னைப் பார்த்த பார்வையை உனக்கு விளக்க வேண்டியதில்லை, நீ அந்த வீட்டில் பிறந்தவன். நிச்சயம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். மீட்டர் என்கிற வார்த்தை எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. நல்லவேளையாகப் பெண்ணே அலங்காரத்தோடு எட்டிப் பார்த்தது. கவிப்பிரியா நம் பக்கத்து ஊர்ப் பெண்தானே, பாடிக்காரி. "அது கரென்ட் மீட்டர் பாக்கற அக்கா சித்தி, நம்ம ஊட்டுக்கும் அவங்கதானே வர்றாங்க" என்றது. என் மருமகள் வாழ்க. அந்த ஒரு வார்த்தைக்காக அதற்கு என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

அதற்குப் பிறகுதான் மச்சான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. வாசலில் ஒரு ஆட்டோ, பின்னால் இன்னொன்று, அப்புறம் பஸ் ஸ்டாப் பக்கமிருந்து பை மாட்டிக்கொண்டு இரண்டு பேர் என்று இளசுகளாக வந்து இறங்கினார்கள். ஒருத்தன் தூத்துக்குடியிலிருந்து வந்த திருமுருகன். ஒரு பெண் வாணியம்பாடி ஜமீலா, இன்னொன்று ஈரோடு பவ்யா. இன்னும் சிலர், பேர் மறந்துவிட்டது. வந்தவர்கள் உள்ளே வராமல் வாசலிலேயே நின்று ஒருத்தரை ஒருத்தர் வெட்கத்தோடு பார்த்துக்கொண்டார்கள். "நீ இவ்ளோ ஒயரமா?" என்று ஜமீலா திருமுருகனைக் கேட்டது. வருஷக்கணக்காக வெற்றியோடு கம்ப்யூட்டர் வழியே தினமும் பழகியவர்கள், குரல் தெரியும், கோபம் தெரியும், யாருக்கு என்ன மாத்திரை என்பதுவரை தெரியும், உயரம் தெரியாது. வெற்றி வெளியே ஓடிவந்தான். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் அப்படி ஓடியதை நான் பள்ளிக்கூட நாளுக்குப் பிறகு இப்போதுதான் பார்த்தேன். எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சத்தம் போட்டார்கள்.

சத்தம் ஓய்ந்ததும் எல்லாரும் திரும்பி பேனரைப் பார்த்தார்கள். அதில் அவர்கள் ஒருத்தர் முகமும் இல்லை. "யாருடா இவங்கல்லாம்?" என்று ஒருத்தன் கேட்டான். வெற்றி வரிசையாகப் படித்தான். எனக்கு உயிரே போய்விட்டது. அந்த நேரம் பார்த்து ஜஸ்டின், புதுச் சட்டை போட்டு, பெண்டாட்டி பிள்ளையோடு, பேனரில் தன் முகத்தைப் பிள்ளைக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறான். வெற்றி என்னை ஒருமுறை பார்த்தான். அப்புறம் நேரே போய் ஜஸ்டின் தோளில் கையைப் போட்டு இழுத்துவந்து, "என் பிரெண்டு, ஜஸ்டின்" என்று அவர்களிடம் சொன்னான். அத்தோடு விட்டானே, என் பிள்ளை தங்கம்.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்குச் சிரமம். சாப்பாட்டுப் பந்தியில் அந்தப் பிள்ளைகளுக்கு நானே பரிமாறினேன். "அப்பா" என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள், சும்மா ஒரு மரியாதைக்கு என்று நினைத்தேன். திருமுருகன் நிமிர்ந்து பார்த்து, "அப்பா, அந்த லாரிக்காரன் கடைசில வழி விட்டானா இல்லியா?" என்று கேட்டான். எந்த லாரி என்றேன். உங்கள் தெருவுக்குள் இரும்புச் சுருள் ஏற்றிக்கொண்டு வழிதவறி வந்து, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் மாட்டிக்கொண்டதே அந்த லாரி, கதை பாதியில் நின்றுவிட்டது என்றான். ஜமீலா வேறு, பேனரில் கிருதா வைத்தவர்தான் நீங்கள் தினமும் காலையில் பேசுகிற மச்சானா, அவர் ஏன் வரவில்லை என்று கேட்டது.

சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டேன். அந்த லாரிக் கதையை நான் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. உன் ஒருத்தனிடம்தான் சொன்னேன், அப்போது நீ அங்கே இல்லை.

பைத்தியம் என்று நினைக்காதே. காலையில் டீயைப் போட்டுக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்தால், பக்கத்து நாற்காலியில் நீ இருக்கிற மாதிரி பேச ஆரம்பித்துவிடுகிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை. எந்த பஸ் வரவில்லை, யார் வீட்டு மோட்டார் ரிப்பேர், முனியம்மா போனில் என்ன திட்டினாள், அவ்வளவுதான். நீயும் எப்போதும்போல நாலு வார்த்தைதான் பேசுவாய், அதனால் பெரிய வித்தியாசமும் தெரிவதில்லை. உள்ளே வெற்றியும் அவன் சிநேகிதர்களும் காலையிலிருந்து சாயங்காலம்வரை கம்ப்யூட்டரில் ஒரே இணைப்பில் இருக்கிறார்களாம். அவனவன் ஊரில் அவனவன் வேலையைப் பார்த்துக்கொண்டு. யாரும் பேச வேண்டியதில்லையாம். "சும்மா கூட இருப்போம்பா" என்றான் வெற்றி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சைக்கிள் கடை ஓரத்தில் நாம் செய்தது அதுதானே. அவர்கள் அதைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறார்கள். என் சத்தம் கதவுக்குள் புகுந்து, வாணியம்பாடிக்கும் தூத்துக்குடிக்கும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. நான் உன்னோடு போனில் பேசுகிறேன் என்றே எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெற்றியும் அப்படித்தான் நினைத்திருக்கிறான், அந்தப் பந்தியில் ஜமீலா கேட்கிறவரைக்கும்.

அவன் என்னைத் தனியாகக் கூட்டிப்போய், மெதுவாகத்தான் கேட்டான். "காலையில உங்க போன் என் ரூம்லதானேப்பா சார்ஜ் ஏறும்?"

பாயசம் பந்திக்குப் போதுமா பார்க்கிறேன் என்று நழுவிவிட்டேன். அவனுக்கு யாரும் இல்லையே என்று நான் தெருவெல்லாம் அலைந்து கட்டத்துக்கு ஆள் பிடித்தேன். அந்தக் கட்டங்கள் எனக்குத்தான் காலியாக இருந்திருக்கின்றன.

மறுநாளிலிருந்து அவன் அறைக் கதவைச் சாத்துவதில்லை. மேசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டான், உட்கார்ந்தால் பால்கனி தெரிகிறது. என் போனை ஹாலில் சார்ஜ் போட்டு வைத்துவிடுகிறான். காலையில் உள்ளேயிருந்து, "அப்பா, இன்னிக்கி என்ன நியூஸ்?" என்று ஈரோட்டிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. நல்ல பிள்ளைகள்தான். ஆனால் எல்லாரும் கேட்கிறார்கள் என்று தெரிந்த பிறகு எனக்கு வாய் வரவில்லை மச்சான். உன்னிடம் பேசுவதும் நின்றுபோயிற்று. டீ ஆறுகிறவரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். எழுதினால் சத்தம் வராது.

மற்றபடி எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. பொழுது நன்றாகப் போகிறது. வெற்றியும் கதவைத் திறந்து வைத்திருக்கிறான், வேறு என்ன வேண்டும்? நீ என்னைப் பற்றி ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே. கால் முழுக்கச் சரியாகாமல் எங்கேயும் கிளம்ப வேண்டாம், டாக்டர் சொன்ன பயிற்சியை விடாமல் செய். தை மாதம் கல்யாணத்தில் எப்படியும் பார்க்கத்தானே போகிறோம், அதற்குள் என்ன அவசரம்? தங்கச்சி கையால் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்கு மாத்திரை போட்டு, புது முட்டியும் நீயும் நூறு வயசு இருக்க வேண்டும் என்று நம் துலுக்கானத்தம்மனை வேண்டிக்கொள்கிறேன். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
துலுக்கானம்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடச் சொல்லி வெற்றியிடம் கொடுத்தேன். தபால் பெட்டியைத் தேடி அலைந்துவிட்டு, அது இருந்த இடத்தில் பானிபூரி வண்டி நிற்கிறது என்று திரும்பி வந்தான். ஜஸ்டினுக்கு மாமியார் வீடு பட்டாபிராம்தானாம், அதனால் அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். பேனரில் முதல் கட்டம் அவன்தான். உன் அடுக்குமாடிக்குக் கீழே நின்று "டேய் தட்சிணா" என்று கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். பெரியவரை அப்படிக் கூப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறான். எப்படிக் கூப்பிட்டாலும் எட்டிப் பார்.

கடைசியில் எழுதியிருக்கிறேனே, ஒரு குறையும் இல்லை, பொழுது நன்றாகப் போகிறது, தை மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றெல்லாம், அதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். எல்லாக் கடிதத்திலும் அப்படித்தான் முடிக்க வேண்டும் என்று கை தானாக எழுதிவிட்டது. பொழுது போகவில்லை மச்சான். டாக்டர் எப்போது வெளியே போகலாம் என்கிறாரோ, அன்றைக்கே ஒரு ஆட்டோ பிடித்து வந்துவிடு. லாரிக்காரன் வழி விட்டானா இல்லையா என்று திருமுருகனுக்குக்கூட நான் இன்னும் சொல்லவில்லை, உனக்காக வைத்திருக்கிறேன்.

மாடி ஏற வேண்டாம். தெருவில் நின்று ஒரு சத்தம் கொடு, நான் இறங்கி வருகிறேன்.